முதுகில் விழும் வெளிச்சம்

லேசர் சிகிச்சையும் கைரோபிராக்டிக்கும் வலிக்கு என்ன செய்யும், எதைச் செய்யாது? பால்மரம் சீவிய உடம்புகளோடு சேர்த்துப் பார்க்கும் சிறப்புக் கட்டுரை

பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவருக்கு வலி எங்கெங்கே வரும் என்பதை அவர் செய்த வேலையை வைத்தே சொல்லிவிடலாம். வெட்டு தாழ்ந்த பட்டையில் ஓடும் காலத்தில் இடுப்பை வளைத்து, வளைந்தபடியே மரத்தைச் சுற்றி நடந்து உளியை இழுக்க வேண்டும். மேல் பட்டைக்கு வெட்டு ஏறினால் தலையை அண்ணாந்து, இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு நிரைக்கு நானூறு, ஐந்நூறு மரம். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டில் இறங்கியவர், பால் எடுக்கும் நேரம் வந்ததும் மங்கு மங்காக வாளியில் ஊற்றி, இரண்டு வாளியையும் தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் தொங்கவிட்டு, மேடு பள்ளம் பார்க்காமல் ஸ்டோர் வரை சுமந்தாக வேண்டும். இப்படி இருபது, முப்பது ஆண்டு உழைத்த பிறகு கழுத்து, இடுப்பு, முழங்கால், மணிக்கட்டு நான்கும் ஒன்று மாற்றி ஒன்று கேள்வி கேட்கத் தொடங்கும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சித்தியவானுக்கும் புருவாஸுக்கும் இடையில் இருக்கும் ஆயர் தாவார் வட்டாரத்தில் இந்த வலியைச் சுமக்கும் குடும்பங்கள் நிறைய. தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. ஆயர் தாவார், சோகோமானா, சுங்கை வாங்கி, வால்புரூக் என்ற பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகள்தான் இன்னும் கட்டிக் காக்கின்றன. சீவியவர்கள் தாமானிலும் மலிவுவிலை வீட்டிலும் பிள்ளைகளோடு குடியிருக்கிறார்கள். "மரம் சீவுன காலத்துலேருந்து இருக்குற வலிதான் தம்பி, இதுக்குப் போயி எதுக்கு ஆஸ்பத்திரி?" என்பது இந்தப் பக்கத்துப் பாட்டிமார் வழக்கமாகச் சொல்லும் பதில். அவர்கள் வேலை செய்த நாளில் காலில் உளி பட்டால், பாம்பு கடித்தால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரிடம் போவார்கள். அது காயம். நாள்தோறும் குனிந்து குனிந்து தேய்ந்த முதுகெலும்பு எந்தப் பேரேட்டிலும் காயமாக ஏறியதில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயம் அதுதான்.

அடுத்த தலைமுறையின் வலிக்கு வேறு காரணங்கள். லுமுட் துறைமுகத்திலும் மஞ்சோங் மின்நிலையத்திலும் குத்தகை வேலை, லோரி ஓட்டம், தொழிற்சாலையில் நின்றபடியே ஒரு முழு ஷிப்ட், அங்கும் இங்கும் மோட்டார் சைக்கிள் பயணம். செம்பனைக் காட்டில் நீண்ட கம்பின் முனையில் அரிவாளைப் பூட்டி, அண்ணாந்து பார்த்து, பத்து முதல் இருபத்தைந்து கிலோ எடையுள்ள குலையை அறுத்துத் தள்ளுவண்டியில் ஏற்றுபவருக்குச் சீவுகாரரைவிடக் கழுத்தும் தோளும் சீக்கிரம் போய்விடும். முதுகுவலி இந்த வட்டாரத்தோடு நிற்பதல்ல. 2020-ஆம் ஆண்டில் உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்புவலி இருந்தது என்று 'லான்செட் ருமட்டாலஜி' இதழில் வெளியான பெரிய ஆய்வு கணக்கிட்டது. மனிதரைச் செயல்பட முடியாமல் ஆக்கும் காரணங்களில் அதுவே முதலிடத்தில் இருக்கிறது.

இப்போது ஈப்போவிலும் மற்றப் பட்டணங்களிலும் கைரோபிராக்டிக் மையங்கள் விளம்பரம் செய்கின்றன. முதுகெலும்பைச் சரிசெய்வதோடு லேசர் சிகிச்சையும் உண்டு, அறுவை இல்லை, மாத்திரை இல்லை, வலி போகும் என்பது விளம்பரத்தின் சாரம். பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துவிட்டு அம்மாவிடம் காட்டுகிறார்கள். "அந்த லைட்ட அடிச்சா வலி போயிடுமாமே?" என்ற கேள்வி வீட்டுக்குள் வருகிறது. நியாயமான கேள்வி. நேரான பதில் அதற்கு உண்டு, ஆனால் வலி எந்த இடத்தில் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பதில் அமையும்.

எலியின் முதுகில் முளைத்த முடி

லேசர் பிறந்தது 1960 மே 16 அன்று. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தியோடர் மைமன் என்ற இயற்பியலாளர் ஒரு மாணிக்கக் கல் தண்டிலிருந்து முதல் லேசர் ஒளியை எழுப்பினார். நான்கே ஆண்டில், இந்தியாவின் பாராமதியில் பிறந்த குமார் படேல் பெல் ஆய்வுக்கூடத்தில் கரியமில வாயு லேசரை உருவாக்கினார். உலோகத்தை வெட்டவும், அறுவை மேசையில் தசையை அறுக்கவும் பின்னாளில் பயன்பட்டது அந்த வகைதான். லேசர் என்றதும் நமக்கு வெட்டும் சூடும் நினைவுக்கு வருவது அதனால்.

வலிக்கான லேசர் வேறு வழியில் வந்தது. புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற ஹங்கேரிய மருத்துவர் 1967 வாக்கில், லேசர் பட்டால் புற்றுநோய் வருமா என்று பார்க்க எலிகளின் முதுகை மழித்து, வலு குறைந்த மாணிக்க லேசரை அடித்தார். புற்றுநோய் வரவில்லை. மாறாக, ஒளி பட்ட எலிகளுக்கு மழித்த இடத்தில் முடி வேகமாக வளர்ந்தது. அதைப் பற்றிக்கொண்டு ஆறாத புண்களில் முயன்றார். இன்று மையங்களில் அடிக்கும் லேசர்களுக்கெல்லாம் தொடக்கம் அந்த மழித்த முதுகுதான்.

உள்ளே என்ன நடக்கிறது? சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் தோலைத் தாண்டி ஓரளவு உள்ளே போகும். நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்றொரு நொதி உண்டு. ஒளியை அது உறிஞ்சிக்கொண்டதும் செல் கூடுதல் சக்தியை உண்டாக்குகிறது, வீக்கத்தை நடத்தும் வேதிப்பொருட்கள் குறைகின்றன, நரம்பு வலியைக் கடத்தும் வேகமும் சற்றுத் தணிகிறது என்பது இப்போது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இதற்கு ஃபோட்டோபயோமாடுலேஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒளி தோலுக்குள் நுழைந்த முதல் சில மில்லிமீட்டரிலேயே பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. சில சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்ச் சேர்வது மிச்சம் மீதிதான்.

முதுகைத் தொடும் கைகள்

கைரோபிராக்டிக் லேசரைவிட வயதில் மூத்தது. 1895 செப்டம்பரில் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் என்பவர், காது கேளாத ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்தார், கேட்கும் திறன் திரும்பியது என்று சொன்னார். அதிலிருந்து, உடம்பின் பெரும்பாலான நோய்க்குக் காரணம் முதுகெலும்பு நழுவுவதே என்ற கொள்கையை அவர் கட்டினார். அந்தப் பெரிய உரிமைகோரலை மருத்துவ அறிவியல் ஏற்கவில்லை. இடுப்புவலி, கழுத்துவலி போன்றவற்றுக்கு முதுகெலும்பைக் கையால் அசைத்துக் கொடுப்பது ஓரளவு பலன் தருகிறது என்பதை மட்டும் ஆய்வுகள் ஏற்றிருக்கின்றன. 2023 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டியில், உடற்பயிற்சியும் நோயாளிக்கு வலியைப் பற்றி விளக்கிச் சொல்வதும் இருக்கின்றன. அவற்றோடு இந்தக் கைவைத்தியமும் மசாஜும் இடம்பெற்றன. இடுப்புப் பட்டை, இழுவை, அல்ட்ராசவுண்ட், நரம்பை மின்சாரத்தால் தூண்டும் டென்ஸ் கருவி ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் அதே வழிகாட்டி சொல்லிவிட்டது.

நமக்கு இது புதிதல்ல. சுளுக்கு எடுப்பவர் இல்லாத தோட்டம் கிடையாது. காலை முன்னே நீட்டிப் பிறந்தவர் முதுகைத் தொட்டால் பிடிப்பு விடும் என்று நம்பி, அப்படிப் பிறந்தவரைத் தேடிப் போன வீடுகள் உண்டு. பக்கத்துக் கம்பத்தில் ஊருட் என்று உடம்பை உருவிவிடும் மலாய்ப் பெரியவர், பட்டணத்தில் சீனச் சின்சே, வர்மம் தெரிந்த சித்த வைத்தியர் என்று பல கைகள் நம் முதுகைத் தொட்டிருக்கின்றன. வலிக்கிற இடத்தை ஒரு மனிதர் பொறுமையாகத் தொட்டு, எங்கே நோகிறது என்று கேட்பதிலேயே ஆறுதல் இருக்கிறது. அந்த ஆறுதலை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் தொடும் கைக்குப் பொறுப்பு இருக்க வேண்டும். சட்டம் தேவைப்படுவது அதற்குத்தான்.

மலேசியாவில் 2016-இல் அடுத்தடுத்த எண்ணில் இரண்டு சட்டங்கள் வந்தன. 774-ஆம் எண் சட்டம் துணைநிலைச் சுகாதாரத் தொழில்களுக்கு. இயன்முறை சிகிச்சையாளர்கள் இதற்குள் வருகிறார்கள். 775-ஆம் எண் பாரம்பரிய, மாற்று மருத்துவச் சட்டம். கைரோபிராக்டிக், மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவம், ஹோமியோபதி, ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவ முறை ஆகிய ஏழும் இதில் அங்கீகரிக்கப்பட்ட துறைகள். ஆகவே ஒரு கைரோபிராக்டர் பாரம்பரிய, மாற்று மருத்துவ மன்றத்தில் பதிந்தவராக இருக்க வேண்டும். அவர் 1971-ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டப்படி பதிந்த டாக்டர் அல்ல. மருந்து எழுதுவதும் அறுவை செய்வதும் அவர் வேலை அல்ல. தலைநகரில் உள்ள ஐஎம்யூ பல்கலைக்கழகம் 2010-இல் கைரோபிராக்டிக் பட்டப்படிப்பைத் தொடங்கியது. தென்கிழக்காசியாவில் அதுவே முதல். முறையாகப் படித்தவர்கள் நாட்டில் இருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். சில வாரப் பயிற்சி எடுத்துவிட்டுக் கழுத்தை முறிக்கும் சத்தத்தைப் படம் பிடித்துக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பையும் ஒன்றாக வைத்துப் பேசுவது படித்தவருக்கும் நியாயமல்ல, நோயாளிக்கும் நல்லதல்ல.

கருவிக்கும் சட்டம் உண்டு. சிகிச்சை லேசர் ஒரு மருத்துவச் சாதனம். 2012-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டப்படி அது பதிவாகியிருக்க வேண்டும். இணையத்தில் வாங்கி வந்த பெட்டி அந்தப் பதிவுக்குள் வராது.

கழுத்து, முழங்கால், இடுப்பு

சரி, பலன் தருமா?

மேல்பட்டை சீவியவரின் கழுத்திலிருந்து தொடங்குவோம். லேசருக்கு நல்ல சாட்சி கிடைப்பது அங்கேதான். ஆஸ்திரேலியாவின் ராபர்ட்டா சௌ தலைமையிலான குழு 16 ஆய்வுகளை, 820 நோயாளிகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து 2009-இல் 'லான்செட்' இதழில் எழுதியது. நாள்பட்ட கழுத்துவலிக்காரர்களுக்கு 100 புள்ளி வலி அளவுகோலில் சராசரியாக ஏறத்தாழ 20 புள்ளி குறைந்தது. சிகிச்சை முடிந்து 22 வாரம் வரை அந்தப் பலன் தாங்கியது. வலி முழுதாகப் போய்விடவில்லை, குறைந்தது. ஆனால் இரவில் புரண்டு படுக்க முடியாதவருக்கு இருபது புள்ளி பெரிய விஷயம்.

முழங்கால் மூட்டுத் தேய்வில் கதை இன்னும் சுவையானது. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 22 ஆய்வுகளை, 1,063 பேரின் விவரத்தை அலசி 2019-இல் 'பிஎம்ஜே ஓபன்' இதழில் வெளியிட்டார்கள். லேசர் வலியைக் குறைத்தது. ஆனால் சரியான அளவு ஒளி கொடுத்த ஆய்வுகளில்தான் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. பரிந்துரைக்கப்பட்ட அளவுக்குக் குறைவாகக் கொடுத்த ஆய்வுகளில் போலிச் சிகிச்சைக்கும் இதற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதே நோய், அதே வகைக் கருவி, அளவு தப்பினால் பலன் இல்லை. இந்த ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே போதும், மையத்தில் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மணிக்கட்டு நரம்பு நெருக்கத்துக்கான லேசர் கருவி ஒன்றுக்குத்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002-இல் முதன்முதலாக இந்த வகையில் விற்பனை அனுமதி கொடுத்தது. அந்த அனுமதியை எல்லா வலிக்குமான சான்றிதழாக விளம்பரங்கள் காட்டுவதைப் பார்க்கலாம். முன்பே சந்தையில் இருக்கும் கருவிக்கு ஒப்பானது, பாதுகாப்பானது என்பதற்குக் கிடைக்கும் அனுமதி அது. ஒருவரின் இடுப்புவலி தீரும் என்பதற்கு அதில் எந்த உத்தரவாதமும் இல்லை.

பெரும்பாலோரை வாட்டும் இடுப்புக்குத்தான் சாட்சி மெலிவு. 2008-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு ஏழு ஆய்வுகளைப் பரிசீலித்து, இடுப்புவலிக்கு லேசர் பலன் தரும் என்றோ தராது என்றோ உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடித்தது. 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, நாள்பட்ட இடுப்புவலிக்கு மருந்துக்கு முன் முயலக்கூடிய பலவற்றில் ஒன்றாக லேசரையும் சேர்த்தது. ஆனால் ஆதாரத்தின் தரம் குறைவு என்று கூடவே எழுதிவைத்தது. ஆழமும் ஒரு காரணமாக இருக்கலாம். முழங்கால் மூட்டின் ஓரம் தோலுக்கு அருகில் இருக்கிறது. இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு, தடித்த தசைகளுக்கு அடியில் பல சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது. ஒளி அங்கே போய்ச் சேரும்போது எவ்வளவு மிஞ்சும்?

ஆகவே என் முடிவு இது. கழுத்துக்கும் முழங்காலுக்கும், அளவு தெரிந்தவர் கையில் லேசர் முயல்வதற்குரியது. நாள்பட்ட இடுப்புவலிக்கு அதை மட்டும் நம்பிக் காசைக் கொட்டக் கூடாது. எந்த வலிக்கும் அது தனித்து நிற்கும் மருந்து அல்ல. வலி குறைந்த அந்தச் சில வாரங்களில் கால் தசையும் இடுப்புத் தசையும் பலப்பட வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி, நாளும் சற்றுக் கூட்டி நடத்தல், முதுகைத் தாங்கும் தசைகளுக்கான அசைவுகள் என்று உடம்பு வேலை செய்யத் தொடங்கினால்தான் கிடைத்த பலன் நிற்கும். படுத்துக்கொண்டு ஒளி வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடி படுத்தால், வலி தன் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

எவ்வளவு, எந்தத் தோலில்

அளவு என்றேனே, அது கடினமான கணக்கு அல்ல. ஒளியின் வலுவை நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது ஜூல். முழங்காலுக்கு 785 முதல் 860 நானோமீட்டர் அலைநீள லேசரில் ஒவ்வொரு புள்ளிக்கும் 4 முதல் 8 ஜூல் வேண்டும் என்பது பரிந்துரை. 100 மில்லிவாட் கருவி 4 ஜூல் கொடுக்க 40 விநாடி ஆகும். புள்ளிக்குப் புள்ளி வைத்துப் பிடிக்கப் பொறுமை வேண்டும். இன்று பல மையங்கள் வாங்கும் நான்காம் வகை லேசரின் வலு அரை வாட்டுக்கு மேல், பத்து வாட்டும் அதற்கு மேலும் உண்டு. பத்து வாட்டில் 4 ஜூல் என்பது அரை விநாடிகூட இல்லை. அதனால்தான் அந்தக் கருவியின் முனையை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். நிறுத்தினால் தோல் சுடும். நோயாளிக்குக் கதகதப்பாக இருக்கும், நன்றாகவும் இருக்கும். அந்தச் சுகம் மட்டுமே குணமாவதற்கு அடையாளம் ஆகாது. ஒத்தடத்திலும் அதே கதகதப்பு உண்டு.

நம்மவர்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, நம் தோலின் நிறம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கருத்த தோலில் மேலேயே அதிகம் நின்றுவிடுவதால் சூடு சீக்கிரம் ஏறும். வெள்ளைத் தோலுக்கு வைத்த அளவை அப்படியே வைத்தால் வலு மிக்க லேசரில் கொப்புளம் வரலாம். கருவியை இயக்குபவர் உங்கள் தோலைப் பார்த்து அளவை மாற்றுகிறாரா என்று கேளுங்கள். பச்சை குத்திய இடத்திலும் இதே எச்சரிக்கை உண்டு.

இரண்டாவது, இனிப்புநீர். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, எல்லா இனத்தையும்விட அதிகம். பல வருடம் இனிப்புநீர் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மழுங்கிப் போகும். சுடுவது தெரியாத காலில் வலு மிக்க லேசரை அடித்தால், புண் ஆன பிறகுதான் தெரியும். அந்தப் புண் எங்கே கொண்டுபோய் விடும் என்பது காலை இழந்தவர் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். இதை வாய் திறந்து சொல்லாமல் மேசையில் ஏறிப் படுக்காதீர்கள்.

லேசர் அடிக்கும் அறையில் உள்ள எல்லாரும் அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடி அணிய வேண்டும், துணைக்கு வந்த பேரப்பிள்ளையும்தான். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆகவே கண் தானாக மூடிக்கொள்ளாது, விழித்திரை கெட்டுவிடும். புற்றுக்கட்டி உள்ள இடத்திலும் கர்ப்பிணியின் வயிற்றிலும் அடிக்கக் கூடாது. புற்றுநோய் மருத்துவமனைகளில் கீமோதெரபியால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இதே ஒளியைப் பயன்படுத்துகிறார்கள், அதற்குச் சர்வதேச வழிகாட்டியும் இருக்கிறது. ஆனால் அது புற்றுநோய் மருத்துவர்களின் கண்காணிப்பில் நடப்பது.

கையால் முதுகை முறிப்பதிலும் ஆபத்து உண்டு. எலும்புப்புரை வந்துவிட்ட வயதான அம்மாவின் முதுகில் வேகமாக அழுத்தினால் முறிவு வரலாம். கழுத்தைச் சடாரென்று திருப்பும் முறையில், அரிதாக, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. அரிது என்பதற்காகச் சொல்லாமல் விடக் கூடாது. கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் நல்ல கைரோபிராக்டர் மென்மையான வேறு முறையைக் கையாளுவார்.

இடுப்புவலியோடு சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போதல், இரண்டு தொடைக்கும் நடுவில் மரத்துப் போதல், கால் வலுவிழந்து இழுபடுதல் இவற்றில் எது வந்தாலும் எந்த மையத்துக்கும் போகக் கூடாது. நேராகச் செரி மஞ்சோங் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே மணிக்கணக்கு முக்கியம். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாத உடல் மெலிவு, முன்பு புற்றுநோய் வந்தவரின் புதிய முதுகுவலி, கீழே விழுந்த பிறகு வந்த கடும்வலி ஆகியவற்றுக்கும் முதலில் டாக்டர்தான்.

வெள்ளிக் கணக்கு

பணத்தைப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). இருபத்தாறு நாளுக்கு வகுத்தால் நாளுக்கு அறுபத்தைந்து வெள்ளி சொச்சம். தனியார் மையங்கள் பலவற்றில் ஒரு தடவை போய் வருவதற்கே அந்த ஒரு நாள் கூலி போதாது. ஈப்போவுக்குப் போய்வரும் செலவு வேறு. பத்து தடவை, இருபது தடவை என்று மொத்தமாக முன்பணம் கட்டச் சொல்லும் பேக்கேஜ் முறைதான் எனக்குப் பெரிய கவலை. உடம்பைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னரே இருபது தடவை தேவை என்று யாராலும் சொல்ல முடியாது. நேர்மையானவர் நாலைந்து தடவை பார்த்துவிட்டு, தேறுதல் இல்லையென்றால் நிறுத்திவிட்டு வேறிடத்துக்கு அனுப்புவார். அம்மாவின் சேமநிதியான இபிஎஃப் மிச்சத்தை எடுத்து முன்பணம் கட்டும் முன் பிள்ளைகள் ஒரு நாள் ஆற அமர யோசிக்க வேண்டும். வலி கடுமையாக இருக்கும் நேரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளி. மருத்துவமனை நிபுணர் பிரிவில் ஐந்து வெள்ளி. சுகாதார நிலைய டாக்டர் கடிதம் கொடுத்தால் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். அங்கே வெளிச்சம் அடிக்கும் புதுக் கருவி இல்லாமல் போகலாம், காத்திருக்கவும் வேண்டிவரும். ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் முதல் வரிசையில் வைக்கும் உடற்பயிற்சியைக் கற்றுக்கொடுப்பவர் அங்கே இருக்கிறார். அவர் சொல்லிக்கொடுப்பதை வீட்டில் செய்யாமல், "வலி போகல" என்று இரண்டு வாரத்தில் விட்டுவிடுவது நம் பக்கத்தில் நடக்கிறது. தசை பலப்பட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். லேசருக்குக் காசு வைத்திருப்பவரும் இந்தப் பயிற்சியைத் தொடர்ந்துகொண்டே லேசரைச் சேர்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

வேலையில் இருப்பவருக்கு இன்னொரு வாசல் உண்டு, அதைப் பலர் தட்டுவதேயில்லை. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971-இலிருந்து இயங்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ, வேலையிடத்தில் அடிபட்டவருக்கும் வேலைக்குப் போகும், வரும் வழியில் விபத்துக்குள்ளானவருக்கும் மருத்துவச் செலவையும் விடுப்புக்கால உதவித்தொகையையும் தருகிறது. 2007 முதல் வேலைக்குத் திரும்பும் திட்டம் என்ற ஒன்றை நடத்துகிறது. அடிபட்டவருக்கு ஒரு பொறுப்பாளரை நியமித்து, சிகிச்சை, பயிற்சி, முதலாளியோடு பேச்சு எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பது அதன் வேலை. மலாக்காவில் பெரிய மறுவாழ்வு மையத்தை 2014-இல் திறந்தது. இப்போது ஈப்போ மேரு ராயாவிலும் ஒன்று வந்துவிட்டது. நடக்க முடியாமல் போனவரின் காலில் ரோபோ கருவியைப் பூட்டி நடைப்பயிற்சி தரும் வசதி அங்கே இருக்கிறது. மஞ்சோங் மாவட்டத்துத் தொழிலாளிக்கு அது எட்டும் தூரம்தான். அந்நியத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி முதல் வேலைக்காயத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். செம்பனைக் காட்டில் நம்மோடு நிற்கும் வங்கதேசத்தவருக்கும் இந்தோனேசியருக்கும் இந்த உரிமை உண்டு என்பதை அவர்களிடமும் சொல்லுங்கள். 2022 டிசம்பரிலிருந்து, ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டினால், 55 வயதுக்கு உட்பட்ட இல்லத்தரசிகளுக்கும் தனிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. வீட்டு வேலையில் விழுந்து அடிபட்டாலும் அதில் வரும்.

இதிலெல்லாம் முதல் படி, அடிபட்ட அன்றே சொல்வது. குலை தூக்கும்போது முதுகில் பிடித்தது, ஏணியிலிருந்து சறுக்கியது, மோட்டாரிலிருந்து விழுந்தது எதுவானாலும் அன்றைக்கே மேற்பார்வையாளரான மண்டோரிடமும் அலுவலகத்திலும் சொல்லி, கிளினிக்குக்குப் போய், வேலையில் நடந்தது என்று டாக்டரை எழுத வைக்க வேண்டும். விஷயம் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. "சின்னப் பிடிப்புதானே, தைலம் தேச்சா போயிடும்" என்று வீட்டுக்கு வந்து, மூன்று மாதம் கழித்து நடக்க முடியாமல் போன பிறகு ஆதாரம் தேடுவது மிகக் கடினம். ஆயர் தாவார் பாட்டிமாரின் முதுகு எந்தப் பேரேட்டிலும் ஏறாமல் போனது இப்படித்தான். அவர்கள் பிள்ளைகளின் முதுகுக்கு இன்று படிவம் உண்டு, எண் உண்டு, அலுவலகம் உண்டு. மஞ்சோங்கில் சொக்சோ படிவத்தை நிரப்பத் தெரிந்த இளைஞர்கள், கோயில் நிர்வாகமும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கூடும் நாளில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, வருபவர்களுக்கு எழுதிக் கொடுக்கலாம். அந்த மேசைக்குப் பக்கத்திலேயே ஓர் இயன்முறை சிகிச்சையாளரை அழைத்து உட்காரவைத்து, முழங்கால் பயிற்சிகளைப் பாட்டிமாருக்குக் காட்டச் சொல்லலாம்.